பொறிக்குள் ஒரு பொறி

‘பொறி’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். தீயிலிருந்து தெறிக்கும் சிறு துகளைப் பொறி என்பர். இயந்திரத்தையும் பொறி என்பர். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தனையும் பொறி என்பர். எலியைப் பிடிக்க வைக்கும் கருவிக்கும் அதுவே பெயர். இவற்றுள் முதலிரண்டு பொருளும் ஒருங்கே அமைந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது பெட்ரோலால் இயங்கும் மோட்டார் வண்டியின் எஞ்சின் ஆகும். அப்பெரும் பொறி இயங்குவது, அதனுள் தோன்றும் ஒரு சிறு பொறியால். அச்சிறு பொறியைத் தோற்றுவிக்கும் உறுப்பைத் தீப்பொறிச் செருகி எனத் தமிழில் கூறலாம். ஆயினும் ஓட்டுநரும் பழுது பார்ப்போரும் கடைக்காரரும் அதனை ஸ்பார்க் பிளக் என்றும், சுருக்கமாகப் பிளக் என்றுமே வழங்குகின்றனர். விரல் அளவே உள்ள அவ்வுறுப்புத் தேய்ந்த பின்னர் அதற்கு மாற்றாக எதனைத் தேர்ந்தெடுப்பது என்பது, வண்டியை நம்பி வாழும் குடும்பத்திற்குச் சிறிய வினா அன்று.

புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்தையும் அதன்பின் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் கடந்தால் தவளக்குப்பம் என்னும் ஊர் வரும். 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் இந்தியாவின் ஆட்சிக்கு வரும்வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்தது இவ்வூர். இதற்குக் கிழக்கே கடற்கரையில் மீனவர் வாழும் நல்லவாடு இருக்கின்றது. மேற்கே அபிஷேகப்பாக்கம் முதலிய ஊர்களின் வயல்கள் பரந்து கிடக்கின்றன. ஆதலின் கடல் தரும் பொருளும் நிலம் தரும் பொருளும் இவ்வூர்ச் சந்திப்பின் வழியே நகருக்குச் செல்கின்றன. முற்காலத்தில் மாட்டு வண்டிகள் செய்த அப்பணியை, இக்காலத்தில் சிறு சரக்கு வண்டிகள் செய்கின்றன. அவற்றை பிக்கப் என்றும், அவற்றுள் சிறியதைக் குட்டியானை என்றும் மக்கள் அழைப்பர்.

அத்தகைய வண்டி ஒன்றன் உரிமையாளர் ஒருவர் தவளக்குப்பத்தில் இருப்பதாகக் கொள்க. அவரே அதன் ஓட்டுநரும் ஆவார். வைகறையில் கரையேறும் மீனைப் பனிக்கட்டியிட்டுப் பெட்டிகளில் அடுக்கி, ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் தொழில். ஒருநாள் விடியலில் வண்டி எளிதில் கிளம்பவில்லை. பலமுறை முயன்றபின் கிளம்பியது. ஆயினும் இடையிடையே திக்கித் திக்கி ஓடியது. சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் முற்றிலும் வலுவிழந்து நின்றுவிட்டது. கதிரவன் மேலெழுந்தான், பனிக்கட்டி உருகி நீராய் ஒழுகியது. மீன் நேரம் பார்த்து விலைபோகும் பொருள். மார்க்கெட்டுக்கு இரண்டு நாழிகை தாழ்ந்து சென்றால் பாதி விலைதானும் கிடைத்தல் அரிது. அன்றைய ஊதியம் மட்டுமன்றி, அவரை நம்பிச் சரக்கை ஒப்படைத்த மீனவரின் இரவெல்லாம் உழைத்த உழைப்பும் அப்பாலத்தின் மேல் வெயிலில் வாடியது.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து, ஊரில் நெடுநாளாகப் பழுது பார்த்து வரும் முதிய மெக்கானிக்கிடம் விட்டார் ஓட்டுநர். “ஐயா! பிளக் பழுதுபட்டிருக்கும் என்று எண்ணுகின்றேன். இரண்டு திங்களுக்கு முன்புதான் மாற்றினேன். இம்முறை விலை எவ்வளவு ஆயினும் சரி, கடையில் உள்ளவற்றுள் மிக உயர்ந்ததை வாங்கி வருகின்றேன்” என்றார். “பொறு தம்பி! உயர்ந்தது எது என்பதைப் பின்னர்ப் பார்க்கலாம். உன் வண்டிக்குத் தக்கது எது என்பதை முதலில் பார்ப்போம்” என்று விடையிறுத்தார் முதியவர். அவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர் பிளக்கைத் தேர்ந்தெடுக்கும் முறையை உணர்ந்தவர் ஆவர்.

பிளக் செய்யும் வேலை யாது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். எஞ்சினுக்குள் சிலிண்டர் எனப்படும் குழல்கள் உள்ளன. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் என்னும் உறுப்பு மேலும் கீழும் இயங்குகின்றது. பிஸ்டன் முதன்முறை கீழிறங்கும்போது பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படுகின்றது. அது மேலேறும்போது அக்கலவை, தான் இருந்த இடத்தின் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்திற்குள் அமுக்கப்படுகின்றது. பிஸ்டன் மேல் எல்லையை எட்டுதற்குச் சற்று முன்னர்ப் பிளக்கின் முனையில் மின்பொறி பாய்கின்றது. கலவை தீப்பற்றி எரிந்து, பெருவிசையுடன் விரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. அத்தள்ளுதலே சக்கரத்தைச் சுழற்றும் ஆற்றலாக மாறுகின்றது. மீண்டும் பிஸ்டன் மேலேறும்போது எரிந்த புகை வெளியேற்றப்படுகின்றது. இங்ஙனம் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு செயல்களும் எஞ்சின் இரண்டு முறை சுழல்வதற்குள் நடந்தேறுகின்றன.

ஆகவே, நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்திற்கு 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை, பொறி தெறிக்க வேண்டும். அவ்வேகத்தில் அரைமணி நேரம் ஓடினால் ஒரு பிளக் 45,000 முறை தன் கடமையைச் செய்திருக்கும். அவற்றுள் சில பொறிகள் தவறினாலும் ஓட்டுநர் அதனை உடனே உணர்வர்; ‘எஞ்சின் மிஸ் அடிக்கிறது’ என்பர். எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறி வீணாகின்றது. புகையைத் தூய்மை செய்யும் கருவியையும் அது கெடுக்கின்றது.

இத்தகைய பொறியைத் தோற்றுவித்தல் எளிதன்று. வண்டியின் பேட்டரி தருவது 12 வோல்ட் அழுத்தமே. அதனை மின்சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகின்றது. தேவைக்கேற்ப அது 10,000 முதல் 30,000 வோல்ட்டையும் எட்டும். அவ்வழுத்தம் பிளக்கின் நடுவே உள்ள மின்முனைக்கு வருகின்றது. அதன் எதிரே, உலோக உடலோடு சேர்ந்து வளைந்து நிற்கும் மற்றொரு மின்முனை இருக்கின்றது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. அவ்விடைவெளியை மின்சாரம் தாண்டும்போது தோன்றுவதே பொறி. மின்சாரம் வேறு வழியே கசிந்துவிடாதபடி நடுமுனையைச் சூழ்ந்து நிற்பது வெண்ணிறப் பீங்கான். அலுமினா என்னும் பொருளைப் பொடியாக்கி, வடிவில் அழுத்தி, ஏறக்குறைய 1,600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு அதனைச் செய்கின்றனர்.

மண்ணைச் சுட்டுப் பொருள் செய்யும் கலை இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. தவளக்குப்பத்திற்கு அண்மையில், அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்னும் அறிஞர் அகழ்ந்தபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோம நாட்டு வாணிகத்தோடு வந்த மட்கலங்களின் உடைசல்களும், இந்நாட்டு மட்கலங்களும் வெளிப்பட்டன. இரும்பு துருப்பிடித்து மறையும் நிலத்தில் சுட்ட மண் நிலைத்திருந்தது. தீயினின்று பிறந்த பொருள் தீயையும் காலத்தையும் தாங்க வல்லது என்பதற்கு அது சான்று. அப்பண்பே இன்று பிளக்கினுள்ளும் பயன்படுகின்றது.

மின்பொறியால் எரிவளியைப் பற்றவைக்கும் எஞ்சினை, பாரிசு நகரில் வாழ்ந்த எத்தியேன் லெனுவார் என்பவர் 1860ஆம் ஆண்டில் செய்து காட்டினார். அவ்வெஞ்சினில் எரிவளி அமுக்கப்படவில்லை. ஆதலின் அதன் ஆற்றல் குறைவாகவே இருந்தது. அமுக்கி எரிக்கும் நான்கு செயல் முறையை 1876ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய நிக்கோலஸ் ஆட்டோ வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். உயர் அழுத்த மின்சாரம் தரும் கருவியையும் அதற்கேற்ற பிளக்கையும், ராபர்ட் பாஷ் என்பவரின் தொழிற்சாலையில் பணியாற்றிய காட்லோப் ஹோனால்டு 1902ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதன்பின்னரே மோட்டார் வண்டி நம்பத்தக்க ஊர்தி ஆயிற்று. இந்தியாவில் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி பிளக்குகளைச் செய்து, ‘மைக்கோ’ என்னும் பெயரை ஊர்தோறும் பழுது பார்க்கும் கடைகளில் பழகச் செய்தது. அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டில் பாஷ் எனப் பெயர் மாறியது.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போர் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘இவ்வண்டிக்கு ஸ்பார்க் பிளக் உண்டா?’ என்பதே. இந்தியச் சரக்கு வண்டிகளுள் மிகுதியானவை டீசலால் ஓடுவன. டீசல் எஞ்சினில் காற்று மட்டும் மிகக் கடுமையாக அமுக்கப்படுகின்றது. அவ்வமுக்கத்தால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கின்றது. ஆதலின் அங்குப் பொறிக்கு இடமில்லை. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த டாடா ஏஸ் வண்டி இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு வந்தது. அதற்கு ஸ்பார்க் பிளக் இல்லை. மாருதி நிறுவனத்தின் சூப்பர் கேரி என்னும் சிறு சரக்கு வண்டியின் பெட்ரோல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. அதற்கு நான்கு பிளக்குகள் வேண்டும். அழுத்திய இயற்கை எரிவளியாகிய சி.என்.ஜி.யால் ஓடும் சிறு வண்டிகளுக்கும் பிளக் இன்றியமையாதது.

பிளக் உண்டு எனத் தெரிந்தபின் நோக்க வேண்டுவது அளவு. பிளக்கின் கீழ்ப்பகுதியில் உள்ள மரை, எஞ்சின் தலைப்பகுதியில் உள்ள துளையின் மரையோடு இழைய வேண்டும். பெரும்பான்மையான வண்டிகளில் அதன் குறுக்களவு 14 மில்லிமீட்டர். இக்கால எஞ்சின்கள் சிலவற்றில் 12 அல்லது 10 மில்லிமீட்டரும் உண்டு. குறுக்களவு ஒத்திருந்தால் மட்டும் போதாது. மரையின் நீளமும் ஒத்திருத்தல் வேண்டும். 12.7, 19, 26.5 மில்லிமீட்டர் என அந்நீளம் பலவகைப்படும். உரிய நீளத்தினும் குறைந்த பிளக்கைப் பொருத்தினால் பொறி கலவையினின்று ஒதுங்கி நிற்கும். துளையின் எஞ்சிய மரையில் கரி படியும். பின்னர் உரிய பிளக்கைப் பொருத்துதலும் இடர்ப்படும். மிகுந்த நீளமுடைய பிளக்கைப் பொருத்தினாலோ, அதன் முனை சிலிண்டருக்குள் நீண்டு நிற்க, மேலேறி வரும் பிஸ்டன் அதில் மோதலாம். சில நூறு ரூபாய்ப் பொருளால் பல்லாயிரம் ரூபாய் எஞ்சின் அழியும். எஞ்சின்மீது பிளக் அமரும் இடம் வாஷர் வைத்த தட்டையானதா, வாஷரின்றிச் சரிவானதா என்பதையும் நோக்குதல் வேண்டும். ஒன்றற்கு உரியது மற்றொன்றில் இறுகப் பொருந்தாது.

அளவினும் நுட்பமானது வெப்பத் தகுதி. எரியும் கலவையின் வெப்பம் 2,000 பாகை செல்சியஸைக் கடக்கும். அவ்வெப்பத்தின் நடுவே நிற்கும் பிளக்கின் பீங்கான் மூக்கு, ஏறக்குறைய 450 பாகைக்குக் கீழே தாழவும் கூடாது. 850 பாகைக்கு மேலே பெரிதும் உயரவும் கூடாது. 450 பாகைக்கு மேல் சூடான மூக்குத் தன்மீது படியும் கரியைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். அதற்குக் கீழே தாழ்ந்தால் கரி படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள், ஆதலின் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரியின் வழியே கசிந்துவிடும், பொறி தோன்றாது. மூக்கு மிகச் சூடேறினாலோ, பொறி பாயும் முன்னரே அச்சூடு கலவையைப் பற்றவைத்துவிடும். மேலேறும் பிஸ்டனை எரியும் வளி எதிர்த்துத் தாக்கும். பிஸ்டனின் தலை உருகித் துளைபடுதலும் உண்டு.

மூக்கின் வெப்பத்தை அளவோடு நிறுத்துவது அதன் நீளம். நீண்ட மூக்கில் வெப்பம் நெடுவழி சென்றே உலோக உடலை அடைய வேண்டும். ஆதலின் முனை சூடாகவே இருக்கும். இதனைச் சூட்டுப் பிளக் என்பர். குறுகிய மூக்கில் வெப்பம் விரைந்து வெளியேறும். இதனைக் குளிர் பிளக் என்பர். நீண்ட வேளை பெருஞ்சுமையோடு விரைந்தோடும் எஞ்சினுக்குக் குளிர்ந்த பிளக்கை வகுப்பர். மென்மையாக இயங்கும் எஞ்சினுக்குச் சற்றே சூடான பிளக்கை வகுப்பர். எஞ்சினைச் செய்தவர் பலமுறை ஆய்ந்து வகுத்த அளவு கையேட்டில் அச்சிடப்பெற்றிருக்கும். அதனை மாற்றுதற்குத் தக்க காரணம் வேண்டும்.

வெப்பத் தகுதியைக் குறிக்க ஓர் எண் உண்டு. இங்கேதான் பலரும் இடறி விழுகின்றனர். எண் பெரிதாயின் பிளக் சிறந்தது என்று எண்ணுதல் தவறு. ஜப்பானிய நிறுவனங்களாகிய என்.ஜி.கே., டென்சோ ஆகியவற்றின் பிளக்குகளில் எண் மிக மிகப் பிளக் குளிர்ந்ததாகும். பாஷ், சாம்பியன் ஆகியவற்றின் பிளக்குகளிலோ எண் மிக மிகப் பிளக் சூடானதாகும். ஒரு நிறுவனத்தின் 6 மற்றொரு நிறுவனத்தின் 6 ஆகாது. நிறுவனம் மாற்றி வாங்குவோர் எண்ணை ஒப்பிடாமல், அந்நிறுவனங்கள் வெளியிடும் பொருத்தப் பட்டியலை ஒப்பிடுதல் வேண்டும்.

பிளக்கின் மேல் எழுதப்பெற்றுள்ள எழுத்துகளும் எண்களும் பொருளற்றவை அல்ல. ஒரு பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாகப் பிரித்துப் பொருள் காணுதல் போல அவற்றையும் பிரித்துப் பொருள் காணலாம். என்.ஜி.கே. நிறுவனத்தின் ‘பி.பி.ஆர்.6.இ.எஸ்.’ என்னும் குறியீட்டை எடுத்துக் கொள்க. இதுவும் ஆறு உறுப்புடையது. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாகிய முதல் ‘பி’ மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். பதினாறாம் எழுத்தாகிய அடுத்த ‘பி’ பீங்கான் மூக்கு வெளியே நீண்டுள்ளது என்பதைக் குறிக்கும். ‘ஆர்’ என்பது உள்ளே மின்தடை வைக்கப்பெற்றுள்ளது என்பதைக் குறிக்கும். 6 வெப்பத் தகுதி எண். ‘இ’ மரையின் நீளம் 19 மில்லிமீட்டர் எனக் காட்டும். ‘எஸ்’ நடுமுனை செம்பு உள்ளீடு கொண்ட பொது வகை எனக் காட்டும். ஓர் எழுத்து மாறினாலும் பொருள் மாறும். பொருள் மாறினால் எஞ்சினின் போக்கும் மாறும்.

இக்குறியீட்டில் வந்த மின்தடை ஏறத்தாழ 5,000 ஓம் அளவுடையது. பொறி பாயும்போது எழும் மின்னலைகள் வானொலியில் இரைச்சலை உண்டாக்கும். எஞ்சினை நடத்தும் மின்னணுக் கருவிகள் நிறைந்த இக்கால வண்டிகளில் அவ்வலைகள் அக்கருவிகளையும் குழப்பும். அவற்றைத் தணிப்பதே மின்தடையின் பயன். அது வகுக்கப்பெற்ற வண்டியில் அஃதில்லாத பிளக்கைப் பொருத்துதல் ஆகாது.

இனி உலோகம். கடைக்காரர் பெரிதும் பேசுவது இதனைப் பற்றியே. பொதுவகைப் பிளக்குகளின் மின்முனை நிக்கல் கலவையால் ஆனது. விலை மிக்க வகைகளில் முனையில் பிளாட்டினம் அல்லது இரிடியம் வைக்கப்பெற்றிருக்கும். நிக்கல் 1,455 பாகையிலும், பிளாட்டினம் 1,768 பாகையிலும், இரிடியம் 2,446 பாகையிலும் உருகும். ஆதலின் பின்னிரண்டும் மெல்லத் தேய்கின்றன. இரிடிய முனையை ஊசிபோல மெல்லியதாகவும் அமைக்கலாம். மெல்லிய முனையில் பொறி குறைந்த அழுத்தத்திலேயே பாயும். நிக்கல் பிளக் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைத்தால், இரிடியப் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டர் வரையும் உழைப்பதுண்டு. ஆகவே விலைக்கேற்ற பயன் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அப்பயன் நீண்ட வாழ்நாளே அன்றி, புதிய ஆற்றல் அன்று. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் நிக்கலை நீக்கி இரிடியத்தை வைத்ததனால் வண்டி இரு மடங்கு வலுப்பெறாது. இரிடியமே வகுக்கப்பெற்ற எஞ்சினில் செலவுக்கு அஞ்சி நிக்கலை வைத்தலும் தவறே. அது விரைந்து தேயும்.

தேய்தலால் விளையும் கேடு இடைவெளி அகலுதல். கையேடு வகுக்கும் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் அமையும். அஃது அகல அகல மின்சாரம் தாண்டுதற்கு மிகுந்த அழுத்தம் வேண்டும்; மின்சுருள் வருந்தும்; பொறி தவறும். சி.என்.ஜி. எரிவளியில் பொறி பாய்வதற்குப் பெட்ரோலினும் மிகுந்த அழுத்தம் தேவை. எனவே அவ்வண்டிகளில் இடைவெளியைப் பற்றிய கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். மெல்லிய தகடுகளால் ஆகிய ஃபீலர் கேஜைக் கொண்டு இடைவெளியை அளப்பர். நிக்கல் பிளக்கில் வளைமுனையை மெல்லத் தட்டித் திருத்தலாம். இரிடியப் பிளக்கின் ஊசிமுனை எளிதில் ஒடியுமாதலின் அதன்மேல் கருவியை ஊன்றி நெம்புதல் கூடாது.

புதிய பிளக்கை வாங்குமுன் பழைய பிளக்கைப் படித்தல் வேண்டும். நாவைப் பார்த்து உடல்நிலையை உணரும் மருத்துவர் போல, பிளக்கின் மூக்கைப் பார்த்து எஞ்சினின் நிலையை உணர்வர் தேர்ந்த மெக்கானிக். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த கரிய தூள் படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கின்றது, அல்லது பிளக் தேவைக்கு மிஞ்சிக் குளிர்ந்தது என்று பொருள். எண்ணெய்ப் பசையோடு கருத்து ஈரமாயிருந்தால், தேய்ந்த உறுப்புகளின் வழியே எஞ்சின் எண்ணெய் சிலிண்டருக்குள் கசிகின்றது என்று பொருள். அந்நோய் பிளக்கை மாற்றுவதால் தீராது. மூக்கு வெளிறிக் கொப்புளித்திருந்தால் மிகைச்சூடு என்று பொருள். பெட்ரோல் குறைவாகச் செல்லுதலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் குறைதலோ, பிளக்கின் வெப்பத் தகுதி தவறியதோ காரணமாகலாம். எந்தச் சிலிண்டரின் பிளக் எது என்பது மறவாதபடி அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தல் முறை.

தவளக்குப்பத்து முதியவரும் அவ்வாறே நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். நான்கிலும் உலர்ந்த கரி மென்பட்டுப் போலப் படிந்திருந்தது. ஒன்றில் மட்டும் கரி இருந்தால் அந்தச் சிலிண்டரில் குறை தேடலாம். நான்கும் ஒருபடித்தாய் இருந்ததால் காரணம் பொதுவானது என உணர்ந்தார். காற்று வடிகட்டியைப் பார்த்தார், தூய்மையாகவே இருந்தது. பின்னர்ப் பிளக்கின் மேல் உள்ள குறியீட்டைத் துடைத்துப் படித்தார். கையேடு வகுத்த எண் 6. அதில் இருந்த எண் 8. “இதனை ஏன் வாங்கினாய், தம்பி?” என்று வினவினார். “இரண்டும் கடையில் இருந்தன, ஐயா. பெரிய எண்ணுடையது வலுவானது என்று எண்ணி வாங்கினேன்” என்றார் ஓட்டுநர்.

காரணம் விளங்கிற்று. அது குளிர்ந்த பிளக். வண்டியோ, விடியலின் தண்மையில் கிளம்பிப் பத்துக் கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்பது. நகர நெரிசலில் ஊர்ந்து செல்வது. எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்னரே பயணம் முடிந்துவிடும். ஆதலின் பிளக்கின் மூக்குக் கரியை எரித்தொழிக்கும் வெப்பத்தை ஒருநாளும் எய்தவில்லை. நாள்தோறும் படிந்த கரி இரண்டு திங்களில் பொறியை அவித்தது. கடையில் உள்ளவற்றுள் விலை மிக்க இரிடியத்தை அதே எண்ணில் வாங்கியிருந்தால், உயர்ந்த உலோகத்தின்மீதும் அதே கரி படிந்திருக்கும். ஓட்டுநர் கூடுதல் பணமும் இழந்து, மற்றொரு நாள் மீனையும் இழந்திருப்பார்.

முதியவர், கையேட்டில் கண்ட குறியீட்டைத் தாளில் எழுதிக் கொடுத்து, நம்பகமான கடையில் மட்டும் வாங்கி வருமாறு பணித்தார். பெயர் பெற்ற நிறுவனங்களின் பெயரால் போலிப் பிளக்குகளும் விற்கப்படுகின்றன. மங்கிய அச்சும், கரடான மரையும், வழக்கத்திற்கு மாறான மலிந்த விலையும் ஐயத்திற்கு இடமாவன. கீழே விழுந்த பிளக்கின் பீங்கானில் கண்ணுக்குப் புலப்படாத கீறல் இருக்கலாம்; அதனையும் பயன்படுத்தலாகாது.

பொருத்துதலிலும் முறை உண்டு. எஞ்சின் ஆறிய பின்னரே பழையதைக் கழற்ற வேண்டும். சூடான அலுமினியத் தலைப்பகுதியின் மரை எளிதில் சிதையும். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் ஊதி அகற்ற வேண்டும். இன்றேல் அவை சிலிண்டருக்குள் விழும். மின்கம்பிகள் உள்ள எஞ்சினில் அவற்றை இடம் மாற்றிச் செருகாதபடி அடையாளமிட வேண்டும். புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகி ஏற்ற வேண்டும். கைக்கு இணங்காமல் இறுகினால் மரை கோணியது என அறிந்து, திரும்பக் கழற்றித் தொடங்க வேண்டும். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர்ப் புதுப் பிளக்காயின், கையால் இறுகியபின் ஸ்பானரால் அரைச்சுற்று முதல் மூன்றில் இரு பங்குச் சுற்று வரை திருகினால் போதும். இழுவிசை காட்டும் டார்க் ரென்ச் இருப்பின், கையேடு கூறும் அளவுப்படி இறுக்குதல் இன்னும் நன்று. தளர்ந்திருந்தால் வெப்பம் வெளியேறாமல் பிளக் கருகும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை அறும்.

இவ்வாறு பொருத்தி முடித்ததும் எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. திக்கல் இல்லை, கரும்புகை இல்லை. வாங்கிய பிளக்குகளோ ஓட்டுநர் வாங்க எண்ணியவற்றினும் மிக மலிந்தவை. விலை மிக்கதை விற்றிருந்தால் கடைக்காரருக்கு ஊதியம் மிகுந்திருக்கும். ‘உயர்ந்ததை மாட்டினேன்’ என மெக்கானிக்கும் கூலியைக் கூட்டிக் கேட்டிருக்கலாம். முதியவர் அதனைச் செய்யவில்லை. தம் கைவினையை நம்பி வந்தவனின் வாழ்வு அவ்வண்டியில் இருப்பதை அவர் அறிவார். மறுநாள் விடியலில் சுண்ணாம்பாற்றுப் பாலத்தின் ஏற்றத்தை அவ்வண்டி இளைப்பின்றி ஏறிக் கடந்தது; பனிக்கட்டி உருகுமுன் மீன் மார்க்கெட்டை அடைந்தது.

பெரிய எண் சிறந்தது என்றும், மிக்க விலை சிறந்தது என்றும், பிறர் வண்டிக்கு நலம் செய்தது தம் வண்டிக்கும் நலம் செய்யும் என்றும் எண்ணுதல் மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் பிளக்கில் மட்டும் நிகழ்வதன்று. மருந்திலும், விதையிலும், கல்வியிலும் நிகழ்வதே. பொருளின் பெருமையை மட்டும் நோக்காமல், அது சேரும் இடத்தின் இயல்பையும், செய்ய வேண்டிய வேலையின் அளவையும் நோக்கித் தேர்வதே அறிவுடைமை. இடமறிந்து அமைந்த சிறுபொறி பெரும்பொறியை இயக்கும். இடமறியாது அமைந்ததோ எத்துணை உயர்ந்ததாயினும் பாலத்தின் நடுவே நின்றுவிடும்.